இமிகிரேஷன் என்பது எந்த இடம்?

1

ஆடிப்பெருக்குக்கு மறுநாள், திங்கட்கிழமை, முற்பகல். ஆக்லாந்து விமான நிலையத்தின் வருகைக் கூடத்தில் நானும் என் மகள் மலர்விழியும் நின்றுகொண்டிருந்தோம். ஆடி என்றால் ஊரில் உங்களுக்குக் காற்று. இங்கே நியூசிலாந்தில் அது நடுக் குளிர்காலம். நாங்கள் குடியிருக்கும் ஹாமில்டனிலிருந்து காரில் கிளம்பியபோது மூடுபனி கலையவில்லை. முன்னால் போன பால் லாரியின் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே வந்து சேர்ந்தோம்.

என் அக்கா அஞ்சலை ஆரணியிலிருந்து வருகிறாள். அறுபதைத் தாண்டியவள், விமானம் ஏறுவது இதுவே முதல் முறை. மலருக்கு ஆவணி முதல் வாரத்தில் பிரசவம் என்று நாள் சொல்லியிருக்கிறார்கள். நானும் என் மனைவி கஸ்தூரியும் இந்த நாட்டுக்கு வந்தபோது மலருக்கு ஒன்றரை வயது. எங்களுக்கு வேலையும் வீடும் அமையும்வரை அவள் ஆரணியில் அக்காவிடம் இருந்தாள். ஐந்து வயதில் நான் போய் அழைத்து வந்தேன். இப்போது கஸ்தூரி அருகிலேயே இருந்தாலும், "அத்த வரணும்" என்பதில் மலர் அசையவே இல்லை. மற்ற எதிலும் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிற பெண் அல்ல.

சிங்கப்பூர் விமானத்தில் வந்தவர்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். பலூன் பிடித்துக்கொண்டு நின்ற குடும்பங்கள் தங்கள் ஆட்களைக் கட்டிப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டன. அடுத்த விமானத்துக்கான கூட்டம் சேரத் தொடங்கியது. அப்போதுதான் என் தொலைபேசி அடித்தது.

"நீங்கள் அஞ்சலையின் தம்பி சுந்தரமா? இமிகிரேஷனிலிருந்து பேசுகிறேன்," என்றது ஆங்கிலத்தில் ஒரு பெண் குரல். மரியாதையான, அவசரம் இல்லாத குரல். "உங்கள் அக்காவை இங்கே உட்கார வைத்திருக்கிறோம். கூட வந்த பயணி ஒருவர் மொழிபெயர்த்துச் சொன்ன அவருடைய பதில்களில் சிக்கல் இருக்கிறது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைத்ததும் மறுபடி அழைக்கிறேன். அதுவரை எங்கும் போய்விடாதீர்கள்."

"திருப்பி அனுப்பிவிடுவீர்களா?"

"இன்னும் முடிவு செய்யவில்லை."

மலர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். அவள் பக்கத்தில் இருந்த நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து, "அத்த எங்க?" என்றாள்.

"இமிகிரேஷன்ல."

அவள் கூடத்தின் கோடியில் தானாகத் திறந்து மூடும் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செய்வதற்கு ஒன்றும் இல்லை. நான் எதையும் நாள் கிழமை போட்டு எழுதி வைக்கிற ஆள். கஸ்தூரி இதை ஒரு வியாதி என்பாள். அப்படிப் பல வருடமாக யார், எங்கே, எந்தப் பொருளில் சொல்கிறார்கள் என்று நான் கவனித்து வருகிற சொல் ஒன்று உண்டென்றால், அது இந்த "இமிகிரேஷன்"தான். கைகால் ஓடாமல் நின்ற அந்த நேரத்தில் மனம் தன் பழைய வேலையைத் தொடங்கிவிட்டது.

2

இந்தச் சொல்லை நான் முதலில் கேட்டது ஆரணி பஸ் நிலையத்தை ஒட்டிய ஒரு சலூனில். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். குவைத்திலிருந்து விடுப்பில் வந்த ஒருவர் முகம் முழுக்கச் சோப்பு நுரையோடு சொல்லிக்கொண்டிருந்தார்: "பிளேனு டயத்துக்கு வந்துடுச்சி. இமிகிரேஷன்லதான் நிக்க வச்சிட்டான். காலு வீங்கிப்போச்சி."

கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்த கடைக்காரர் கேட்டார்: "ஏங்க, அங்க பெஞ்சு கிஞ்சு போட மாட்டாங்களா?"

"நம்மள குந்த வைக்கவா கூட்டிகினு போறான்?"

அன்று முதல் எனக்கு இமிகிரேஷன் என்பது ஓர் இடம். தாலுகா ஆபீஸ், மின்சார ஆபீஸ் மாதிரி. ஆரணியில் இன்றும் அப்படித்தான். "இமிகிரேஷன் தாண்டிட்டியா?" "இமிகிரேஷன்ல புடிச்சிகினாங்களாம்." "இமிகிரேஷன்ல ஒரு அம்மா கீறா, ரொம்ப கறாரு." யாரும் அதை ஒரு செயலாகப் பேசிக் கேட்டதில்லை. அகராதியைப் பார்த்தபோதுதான் வேறு நாட்டில் வாழ்வதற்காகப் போய்ச் சேர்வதுதான் அதன் பொருள் என்று தெரிந்தது. வரிசையைப் பற்றியோ கால் வீக்கத்தைப் பற்றியோ அகராதியில் ஒன்றும் இல்லை.

செயலாகப் பார்த்தால் எங்கள் வீட்டில் முதலில் அதைச் செய்தவர் என் அப்பா. சந்தவாசல் பக்கத்துக் கிராமம். சொந்த நிலம் ஒரு செண்டு கிடையாது. கூலி வேலையும் குறைந்தபோது ஆரணி அரிசி மில்லுக்கு வந்தார். அம்மா, பாத்திர மூட்டை, கைக்குழந்தையாக இருந்த அக்கா, எல்லாம் ஒரே பஸ்ஸில். நான் பிறந்தது ஆரணியில். ஆனால் அப்பா இறக்கும்வரை மில்லில் அவருக்குப் பெயர் "சந்தவாசலாரு". எங்கள் வீட்டைக் கேட்டு வருகிறவர்கள் "சந்தவாசலாரு வூடு எது?" என்றுதான் கேட்பார்கள். ஒரு மணி நேரப் பஸ் பயணம். ஒரு தலைமுறை தாண்டியும் அந்தப் பயணம் முடிந்தபாடில்லை. எனக்குப் பள்ளிக்கூடத்தில் "சின்ன சந்தவாசல்".

புதிதாக வந்தபோது டீக்கடையில் தன்னை விசாரித்த கதையை அப்பா சிரித்துக்கொண்டே சொல்வார். எதுக்கு வந்தே? யார் வூட்டுக்கு? எந்தத் தெருவுல தங்கப் போற? மூன்றாவது கேள்வி எதற்கு என்பது கேட்டவருக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். அந்தக் கேள்விகளைப் பின்னாளில் பல நாட்டு விமான நிலையங்களில் நான் சந்தித்தேன். வார்த்தை கொஞ்சம் நாகரிகமாக இருந்தது. இப்போது அதே மில்களில் மூட்டை தூக்குகிறவர்கள் பீகாரிலிருந்து வருகிறார்கள். அவர்கள் ஆரணியில் "இந்திக்காரப் புள்ளைங்க". சந்தவாசலுக்காவது ஒரு பெயர் கிடைத்தது. அவர்களுடைய ஊரின் பெயரை யாரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

இதற்கு நேர் எதிரான கதை என் வகுப்புத் தோழன் தரணேந்திரனுடையது. வந்தவாசிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். தமிழ்ச் சமணக் குடும்பம். எத்தனை தலைமுறையாக அங்கே விவசாயம் செய்கிறார்கள் என்று அவர்களுக்கே கணக்குத் தெரியாது. படித்து வேலைக்குச் சென்னை போனான். சமணன் என்று தெரிந்ததும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி: "நீங்க எப்ப ராஜஸ்தான்லேர்ந்து வந்தீங்க? தமிழ் நல்லா பேசறீங்களே!"

அவனுக்குக் கோபம் வராது. "நாங்க எங்கேயிருந்தும் வரலீங்க. இங்கியேதான் இருந்துகினு இருக்கோம்," என்பான். எனக்குத் தொலைபேசியில் சொல்லும்போது மட்டும் சிரிப்பான். "டேய் சுந்தரம், கெளம்பவே கெளம்பாதவனப் பாத்து எப்ப வந்தன்னு கேக்கறாங்க. நீ அவ்ளோ தூரம் போய்க் குந்திகினு கீறியே, உன்ன இன்னா கேக்கறாங்க?"

3

என்னை என்ன கேட்கிறார்கள்? ஹாமில்டனில் ஒரு பால் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. பாலில் கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்பது. அங்கே ரேடியோ ஓடிக்கொண்டே இருக்கும். வானிலை, பால் விலை, இமிகிரேஷன் என்று வரிசையாகச் சொல்வார்கள். மழையைப் போலவே அதுவும் கூடும், குறையும். இந்த நாட்டுக்கு வந்த பிறகு அந்தச் சொல் இடமாக இருப்பதை விட்டு ஓர் அளவாக மாறிவிட்டது. அந்த அளவில் நானும் ஒரு சொட்டு.

கூட வேலை செய்யும் பிரையன் ஒருநாள் தேநீர் வேளையில், "இமிகிரேஷன் கொஞ்சம் அதிகமாகத்தான் போய்விட்டது," என்றார். உடனே என் பக்கம் திரும்பி, "உன்னைச் சொல்லவில்லை, சுந்தரம்," என்றார்.

"பின்னே யாரை?"

"நீ வந்து எவ்வளவு காலம் ஆகிவிட்டது!"

பிரையன் இங்கிலாந்தில் பிறந்தவர். சிறுவனாகப் பெற்றோரோடு கப்பலில் வந்தவர். அப்படியானால் நீங்களும் இமிகிரேஷன்தானே என்று உண்மையான ஆவலோடு கேட்டேன். அவர் யோசித்தார். "நாங்கள் வந்து சேர்ந்தோம்," என்றார். அவருடைய மகள் பிரிஸ்பேனில் குடும்பத்தோடு இருக்கிறாள். அவளை அவர் ஒரு நாளும் அந்தச் சொல்லால் சொன்னதில்லை. "ஆஸ்திரேலியா பக்கம் போயிருக்கிறாள்" என்பார். நல்ல மனிதர். எனக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். இந்தச் சொல்லின் சுபாவம் அப்படி. எல்லோரும் இடம் மாறிக்கொண்டுதான் இருக்கிறார்கள். சொல் மட்டும் சிலர் தோளில்தான் போய் உட்காருகிறது.

எங்கள் வீட்டிலேயே இது நடந்தது. மலர் ஆரணியில் பிறந்தவள். அவள் தம்பி அருள் இங்கே பிறந்தவன். பள்ளிக்கூடத்தில் எதையோ படித்துவிட்டு வந்து ஒரு நாள், "நீ இமிகிரண்ட். நான் இல்லை," என்று அக்காவைச் சீண்டினான். மலர் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள்: "ஆமாம். எனக்கு ரெண்டு ஊர். உனக்கு ஹாமில்டன் மட்டும்தான். பாவம்." அவன் அழுதேவிட்டான்.

தமிழில் இதற்குச் சொற்களுக்குப் பஞ்சம் இல்லை. குடியேற்றம் என்கிறோம். இங்குள்ள இலங்கைத் தமிழர்கள் குடிவரவு என்கிறார்கள். எனக்கு அது இன்னும் பிடிக்கிறது, அதில் வரவேற்பின் சாயல் ஒன்று இருக்கிறது. கட்டுரை எழுதும்போது புலம்பெயர்வு. சண்டை போடும்போது வந்தேறி. பறவைக்கு மட்டும் வலசை. பறவையை யாரும் எப்போது திரும்புவாய் என்று கேட்பதில்லை, ஏனென்றால் அது திரும்பிவிடும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். நான் கவனித்த அளவில் இந்தச் சொற்களை எல்லாம் பிரிப்பது தூரமும் இல்லை, காலமும் இல்லை. திரும்பிப் போவானா மாட்டானா என்று பார்க்கிறவர் மனதில் என்ன ஓடுகிறது என்பதுதான்.

இதை நினைத்துக்கொண்டிருந்தபோது மறுபடி தொலைபேசி அடித்தது.

4

அதே அதிகாரிதான். மொழிபெயர்ப்பாளர் வேறோர் ஊரிலிருந்து இணைப்பில் இருக்கிறார், உங்கள் அக்காவும் என் எதிரில் இருக்கிறார், எல்லோரும் கேட்கும்படியே பேசுவோம் என்றார். மலரும் கேட்கட்டும் என்று நானும் ஒலிபெருக்கியைப் போட்டேன்.

"நடந்ததைச் சொல்கிறேன். கைரேகை எடுத்துப் பார்த்தோம், சரியாக விழவில்லை. அதனால் என்ன தொழில் என்று விசாரித்தோம்."

அது எனக்குப் புரிந்தது. அக்கா பாவு பிணைக்கிறவள். தறியில் நீளவாக்கில் ஓடுகிற பட்டு இழைகளான பாவு தீரும் சமயத்தில், அதன் இழை நுனிகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, சாம்பல் தொட்ட விரலால் முறுக்கிவிடுகிற வேலை. அவளுடைய விரல் நுனிகள் வழவழவென்று தேய்ந்திருக்கும். ரேஷன் கடை இயந்திரத்திலேயே அவள் ரேகை விழாது.

"பிறகு, இங்கே எதற்கு வந்தீர்கள் என்று கேட்டோம். வேலை செய்ய வந்தேன் என்றார். என்ன வேலை என்றால், எல்லா வேலையும் என்கிறார். அவரிடம் இருப்பது பார்வையாளர் விசா. அதில் வேலை செய்யக் கூடாது. எப்போது திரும்பிப் போவீர்கள் என்று கேட்டோம். அதைச் சொல்ல மாட்டேன் என்கிறார். பயணச்சீட்டில் தேதி இருக்கிறதே என்றோம். அது சீட்டில் போட்ட தேதி, நான் சொன்ன தேதி இல்லை என்கிறார்."

மொழிபெயர்ப்பில் ஏதோ பிழை என்று ஒரு கணம் நம்பினேன். அதற்குள் அக்காவின் குரல் வந்தது. பிழை எதுவும் இல்லை.

"தம்பி, கீறியா? இந்தப் பொண்ணு நல்ல பொண்ணுதான்டா. தண்ணி குட்த்துது, போர்வ வேணுமான்னு கேட்டுது. ஆனா கேட்டதையே கேட்டுகினு கீது."

"அக்கா, உனக்கு நான் போன் பண்ணி அத்தினி வாட்டி சொன்னேனே! எதுக்கு வந்தன்னு கேட்டா சுத்திப் பாக்கன்னு சொல்லு, எப்ப போவன்னு கேட்டா டிக்கெட்ட காட்டுன்னு."

"சொன்ன. நானும் சரின்னேன். இங்க வந்து குந்திகினு ஒரு பொம்பள மூஞ்சியப் பாத்து எப்டிடா சொல்றது? புள்ளதாச்சி வூட்டுக்கு எவளாவது சுத்திப் பாக்க வருவாளா? இந்தப் பொண்ணு நாளைக்கி நாலு பேருகிட்ட சொல்லாது? ஆரணிலேர்ந்து ஒருத்தி வந்தா, சும்மா குந்தித் துன்னுட்டுப் போறதுக்குன்னு?"

எங்கள் பக்கத்தில் பிரசவ வீட்டுக்கு வருகிறவள் வாசலிலேயே "வேலைக்குத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவாள். வீட்டுக்காரர்கள் கூச்சப்படாமல் இருக்க அது ஒரு மரியாதை. அதேபோல, குழந்தை பிறந்து தலைக்கு ஊற்றும்வரை கிளம்பும் நாளை வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் அந்த வீட்டில் ஏதோ குறைபடும் என்று ஒரு பயம். ஆரணியில் அக்காவின் இரண்டு பதில்களையும் கேட்டிருந்தால் பெருமையாகச் சொல்லியிருப்பார்கள். இங்கே அந்த இரண்டும் அவளைத் திருப்பி அனுப்பப் போதுமானவை.

மொழிபெயர்ப்பாளர் யாழ்ப்பாணத்துக்காரர் என்பது அவர் வாய் திறந்ததும் தெரிந்தது. "அம்மா, நீங்கள் எப்ப திரும்பிப் போவியள் எண்டு குடிவரவு அதிகாரி திருப்பியும் கேக்கிறா."

"ஐயா, நீங்க நம்ம பாஷதான் பேசறீங்க. உங்க வூட்ல பொண்ணு முழுகாம கீறப்ப வந்த மனுசிகிட்ட, எப்ப கெளம்புவன்னு கேப்பீங்களா?"

"கேக்க மாட்டம், அம்மா. ஆனா நான் இதிலை என்ரை கதையைக் கதைக்கக் கூடாது." இந்த உரையாடலையும் அவர் வரி விடாமல் ஆங்கிலத்தில் அதிகாரிக்குச் சொன்னார்.

"சுந்தரம்," என்றார் அதிகாரி. குரல் உயரவில்லை. "இவர் நல்லவர் என்று தெரிகிறது. அது போதாது. திரும்பிப் போகிற எண்ணம் இருக்கிறது என்று அவர் சொல்லி நான் கேட்க வேண்டும். நீங்கள் சொல்வது கணக்கில் வராது. இன்று மாலை சிங்கப்பூருக்கு ஒரு விமானம் இருக்கிறது."

மலர் என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

அக்காவை மிரட்டிப் பயனில்லை. அவளுக்குக் கிளம்பும் நாள் தெரியும். அந்த நாளைச் சொல்ல வாய் வராது. கிளம்பும் நாளைப் பற்றிக் கேட்காமலே அதை எப்படிக் கேட்பது? தறி வீடுகளில் எல்லோரும் எல்லோரையும் கேட்கிற ஒரு கேள்வி இருக்கிறது. கல்யாணத்துக்கு நாள் குறிப்பதானாலும் கடன் வாங்குவதானாலும் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

"அக்கா, கொசப்பாளையத்துல நீ பாவு பிணைக்கற வூட்டுத் தறில இப்ப இன்னா ஓடுது?"

"என்ன கேட்கிறீர்கள்?" என்றார் அதிகாரி. "ஒரு தறியைப் பற்றிக் கேட்கிறார்," என்றார் மொழிபெயர்ப்பாளர், தானும் புரியாமல்.

அக்காவின் குரலே மாறிவிட்டது. "முகூர்த்தப் பொடவ ஓடுது. ஆனி கடைசில நான்தான் பிணைச்சிக் குட்த்தேன். சன்ன இழைடா. கண்ணு போயிடுச்சி."

"பாவு எப்ப தீரும்?"

"பொரட்டாசி கடைசில."

"அப்ப புதுப் பாவு யாரு பிணைக்கறது?"

"கேக்கறான் பாரு கேள்வி! நான்தான். மத்த தறிங்களுக்கு எல்லாம் வேற ஆள சொல்லிட்டு வந்துகீறேன். அந்தத் தறிக்கி நான்தான்னு வாக்கு குட்த்துகீறேன். நான் போவலன்னா தறி நின்னுபூடும். நின்னா அந்த வூட்ல அடுப்பு எரியுமா?"

யாழ்ப்பாணக் குரல் இதையெல்லாம் நிதானமாக மொழிபெயர்த்தது. புரட்டாசி கடைசி என்றால் அக்டோபர் நடுவில் என்று நான் சேர்த்துச் சொன்னேன். கணினியில் தட்டும் சத்தம் கேட்டது. பயணச்சீட்டில் இருந்த தேதி அதற்குச் சில நாள் முன்பு. சீட்டு எடுக்கச் சொன்னபோது அக்காதான் அந்த வாரத்தைக் கேட்டு வாங்கினாள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"அப்படியானால் போகத்தான் போகிறார்," என்றார் அதிகாரி.

"போறேன்னு நான் சொல்லல," என்றாள் அக்கா, மொழிபெயர்ப்பைக் கேட்டுவிட்டு. "பாவு தீரும்னு சொன்னேன்."

அதிகாரி சிரித்தாரா என்று தெரியவில்லை. இருமியது மாதிரி இருந்தது.

5

"இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது," என்றார். "இந்த வேலைக்கு இவருக்குக் கூலி உண்டா?"

"கூலி என்று சொன்னாலே என்னை அடிப்பாள்."

"உங்கள் மகள் அங்கே இருக்கிறாரா? அவரிடம் ஒரு கேள்வி. பெற்ற தாய் பக்கத்தில் இருக்கும்போது இவர் எதற்கு? ஆள் வைத்துக்கொள்ளாமல் மலிவாக வேலை வாங்குவதற்காக உறவினரை வரவழைப்பதும் உண்டு. அதனால் கேட்கிறேன்."

தொலைபேசியை மலரிடம் கொடுத்தேன். அவள் ஆங்கிலம் இந்த ஊர்க்காரர்கள் பேசுகிற ஆங்கிலம். எனக்கு அது இன்றுவரை வரவில்லை. அவள் சொன்னதை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"எனக்கு ஐந்து வயதாக இருக்கும்போது இந்த அத்தையைச் சென்னை விமான நிலையத்தின் வாசலில் விட்டுவிட்டு வந்தேன். பயணம் போகிறவர்களைத் தவிர மற்றவர்களை உள்ளே விட மாட்டார்கள். எனக்கு அது தெரியாது. அப்பா பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். நான் அத்தையின் புடவையைப் பிடித்துக்கொண்டு, விட மாட்டேன் என்று கத்தினேன். அப்போது அவர் குனிந்து ஒன்று சொன்னார்."

அதை மட்டும் மலர் தமிழில் சொன்னாள். ஆரணித் தமிழ், அட்சரம் பிசகாமல்.

"'நீ அப்பாவோட உள்ள போ கண்ணு. இமிகிரேஷன்ல வரிசை பெருசா கீது. முடிச்சிகினு பின்னாலயே வரேன்.'"

கிளம்புவதற்கு முந்தின வாரம் முழுவதும் எங்கள் வீட்டில் வாய்க்கு வாய் இமிகிரேஷன்தான். அக்கா அதை அப்படித்தான் பிடித்திருக்க வேண்டும்.

"நான் நம்பினேன்," என்று மலர் மறுபடி ஆங்கிலத்துக்கு வந்தாள். "இங்கே பள்ளிக்கூடத்தில், டிவியில், யாராவது இமிகிரேஷன் என்று சொன்னால், என் அத்தை அங்கேதான் இருக்கிறார் என்று நினைப்பேன். அது ஒரு பெரிய அறை. அங்கே ஒரு வரிசை. அதில் அத்தை நிற்கிறார். வரிசை நகரவே மாட்டேன் என்கிறது. இமிகிரேஷன் அதிகமாகிவிட்டது என்று ரேடியோவில் சொன்னால், ஐயோ, வரிசை இன்னும் நீண்டுவிட்டதே என்று இருக்கும். அப்பா அம்மாவிடம் கேட்கவில்லை. கேட்டால் அவர் வர மாட்டார் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம்."

இத்தனை வருடம் இந்தச் சொல்லை ஆரணி சலூனிலும் அகராதியிலும் ஆலையின் தேநீர் அறையிலும் தேடிப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக் குழந்தை அதற்கு என்ன பொருள் வைத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியாது. மலருக்கு ஒன்பது வயதில் முதல் முறையாக ஊருக்குப் போனோம். சென்னையில் இறங்கி வரிசையில் நின்றபோது அவள் ஒவ்வொரு முகமாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தது நினைவுக்கு வந்தது. கூட்டத்தைப் பார்த்து மிரள்கிறாள் என்று நினைத்து அவளைத் தூக்கி வைத்துக்கொண்டேன். உயரத்திலிருந்து அவள் இன்னும் நன்றாகத் தேடியிருப்பாள்.

தொலைபேசியில் யாழ்ப்பாணக் குரல் தாழ்ந்த ஒலியில் மலர் சொன்னதை அக்காவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தது.

"நன்றி," என்றார் அதிகாரி. "குடும்பத்துக்கு உதவி செய்யலாம். வெளியே எங்கும் கூலிக்குப் போகக் கூடாது. இதை அவருக்குச் சொல்லுங்கள்." பிந்திய வாக்கியம் மொழிபெயர்ப்பாளருக்கு. இணைப்பு துண்டிக்கப்பட்டது.

அதன் பிறகும் நேரம் போனது. பெட்டியில் இருந்த பிரசவ மருந்துச் சாமான்களைச் சுங்கத்தில் பிரித்துப் பார்த்திருப்பார்கள். கதவு திறந்து மூடிக்கொண்டே இருந்தது. யார் யாரோ வந்தார்கள். மலர் உட்கார மறுத்து நின்றாள். நான் எத்தனையோ முறை அந்தக் கூடத்தில் நின்றிருக்கிறேன். ஒரு கதவை யாரும் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

கடைசியில் அக்கா வந்தாள். பச்சை நூல் புடவை, மேலே நான் அனுப்பிய கம்பளிக் கோட்டு, அதன் பொத்தான்கள் தப்பும் தவறுமாக மாட்டியிருந்தன. தள்ளுவண்டி இடது பக்கமாக இழுத்துக்கொண்டு போக, அதோடு மல்லுக்கட்டிக்கொண்டே எங்களைத் தேடினாள்.

மலர் வயிற்றைத் தாங்கிக்கொண்டு மெல்ல மெல்ல நடந்து, அவளுக்கு எதிரில் போய் நின்றாள். இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டாள்.

"இன்னா அத்த, இம்மா நேரமா?"

அக்கா தள்ளுவண்டியை விட்டாள். அது தானாக உருண்டு போய் யார் காலிலோ முட்டி நின்றது. அவள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"வரிசை பெருசுடி," என்றாள். "பின்னாலயே வரேன்னு சொன்னேனா இல்லியா?"